ஃப்ளோசார்ட் போட ஆரம்பிக்கிறவங்களுக்கு: டிரா.ஐஓ-வும் ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டரும்

எங்க மாமா சின்னதா ஒரு ஆஃப்செட் பிரஸ் வச்சிருக்கார், கல்யாணப் பத்திரிகைதான் முக்கியமான வேலை. கவுண்டருக்கு புதுசா ஒரு பையன் சேர்ந்தப்ப, "ஆர்டர் எடுக்குறதுலேர்ந்து டெலிவரி வரைக்கும் என்னென்ன நடக்குதுன்னு ஒரு சார்ட் போட்டுக் குடுடா, செவுத்துல ஒட்டிடலாம்"னு என்கிட்ட கேட்டார். இந்த மாதிரி சார்ட் நிறைய போட்டிருக்கேன், ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு சொல்லிக்குடுக்க இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது, அதனால அத வச்சே சொல்றேன்.

மொதல்ல எந்த சாஃப்ட்வேர்னு பார்த்துடலாம். பெரிய கம்பெனிகள்ல மைக்ரோசாஃப்ட் விசியோ இருக்கும். அது 1992-ல வேற ஒரு கம்பெனி கொண்டுவந்தது, 2000-ல மைக்ரோசாஃப்ட் அந்த கம்பெனியவே வாங்கிடுச்சு. நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற முழு விசியோ விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், காசும் ஜாஸ்தி. லூசிட்சார்ட் பிரௌசர்லயே ஓடும், இலவசக் கணக்குல இத்தனை டாகுமெண்ட்தான்னு கட்டுப்பாடு இருக்கு. லிப்ரேஆஃபீஸ் டிரா ஏற்கனவே உங்க சிஸ்டத்துல இருந்தா அதுலயும் போடலாம். ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கைகாட்டுறது டிரா.ஐஓ. 2020-ல டயக்ராம்ஸ்.நெட்னு பேர மாத்தினாங்க, ஆனாலும் எல்லாரும் பழைய பேர்லதான் கூப்பிடுறோம். காசு இல்ல, கணக்கு ஆரம்பிக்க வேண்டாம், பிரௌசர்ல தொறந்தா வேலை பார்க்கலாம், நெட் இல்லாத இடத்துக்கு டெஸ்க்டாப் வெர்ஷன் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் இருக்கு.

பவர்பாயிண்ட்லயே போடக்கூடாதான்னு கேட்பீங்க. ஏழெட்டு பெட்டிக்கு போடலாம். ஆனா முப்பது பெட்டி ஆனப்புறம் நடுவுல ஒரு ஸ்டெப் சேருங்கன்னு யாராவது சொன்னா கீழ இருக்குற எல்லாத்தையும் நகர்த்தி, கோட்ட சரிபண்ணி, ரெண்டாவது ஸ்லைடுக்கு போயி, ஒரு மத்தியானமே போயிடும். அந்த வேலைய மிச்சம் பண்ணத்தான் இந்த சாஃப்ட்வேர்கள்.

தொறக்குறதுக்கு முன்னாடி பேப்பர் எடுங்க

இத தாண்டிப் போகாதீங்க. மாமாகிட்ட ஆர்டர் எப்படிப் போகும்னு கேட்டேன். "கஸ்டமர் வருவாங்க, மாடல் எடுப்பாங்க, அட்வான்ஸ் வாங்குவோம், மேட்டர் டைப் பண்ணுவோம், ப்ரூஃப் காட்டுவோம், அடிச்சுக் குடுப்போம்"னார். ஆறு ஸ்டெப், நேர்கோடு. (ப்ரூஃப்னா அடிக்கிறதுக்கு முன்னாடி கஸ்டமர் சரிபார்க்க எடுக்குற மாதிரிப் பிரதி.) இதை வரைஞ்சா அஞ்சு நிமிஷம்தான், ஆனா அந்தப் பையனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால "ப்ரூஃப் பார்த்துட்டு பேர் தப்பா இருக்குன்னா?"ன்னேன். "திருத்திக் குடுப்போம்." "பிளேட் போட்ட அப்புறம் வந்து முகூர்த்த நேரம் மாறிடுச்சுன்னா?" பிளேட்ங்கிறது அச்சடிக்கிறதுக்கு தயார் பண்ற தகடு. அதுக்கு அவர் ஒண்ணு சொன்னார், டிடிபி பண்ற அக்கா, அதாவது கம்ப்யூட்டர்ல மேட்டர டைப் பண்ணி பக்கம் அமைக்கிறவங்க, வேற ஒண்ணு சொன்னாங்க, மிஷின்ல நிக்கிற அண்ணன் மூணாவதா ஒண்ணு சொன்னார். மறு பிளேட் காசு கஸ்டமரோடதா கடையோடதான்னு அந்தக் கடையில இதுவரைக்கும் யாரும் முடிவு பண்ணவே இல்ல.

சார்ட்டுல உண்மையான வேலை இந்த இடத்துலதான் இருக்கு. நேரா போற ஸ்டெப்ப யார் வேணா சொல்லிடுவாங்க, எங்க பிரியுதுன்னு கேட்டு எழுதுறதுதான் கஷ்டம். அதனால வேலை செய்ற எல்லார்கிட்டயும் தனித்தனியா கேளுங்க, முடிஞ்சா ஒரு மணி நேரம் கவுண்டர் பக்கத்துல நின்னு பாருங்க. இந்த மாதிரி சார்ட் கம்ப்யூட்டர் காலத்துல வந்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. 1921-லயே ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத்னு அமெரிக்காவுல ஒரு தம்பதி மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கக் கூட்டத்துல ப்ராசஸ் சார்ட்னு ஒரு முறைய முன்வச்சாங்க. ஃபிராங்க் அதுக்கு முன்னாடி செங்கல் அடுக்குற கொத்தனாரோட ஒவ்வொரு கையசைவையும் பக்கத்துல நின்னு கவனிச்சு எண்ணின ஆளு. தொடக்கமே வேலை நடக்குற இடத்துல போய் நின்னு பார்த்ததுதான்.

எந்த உருவம் எதுக்கு

உருவங்களுக்கு ஐஎஸ்ஓ 5807-னு 1985-ல வந்த ஸ்டாண்டர்டே இருக்கு, ஆனா நமக்கு அஞ்சாறு போதும். ரெண்டு பக்கமும் வளைஞ்ச பெட்டி ஆரம்பத்துக்கும் முடிவுக்கும். செவ்வகம் செய்ற வேலைக்கு. சாஞ்ச நாற்கரம் உள்ள வர்ற, வெளிய போற தகவலுக்கு, கஸ்டமர் எழுதிக்குடுக்குற மேட்டர் மாதிரி. அடியில அலை மாதிரி வளைஞ்சிருக்குறது பேப்பர் டாகுமெண்ட், நம்ம கதையில ப்ரூஃப், பில். ரெண்டு ஓரத்துலயும் கூடுதலா ஒரு கோடு போட்ட செவ்வகம் இருக்கே, அது தனியா வேற சார்ட்டுல விளக்கியிருக்குற வேலைக்கு.

டைமண்ட் ஒண்ணுதான் கேள்விக்கு. அதுக்குள்ள எழுதுறது நிஜமாவே கேள்வியா இருக்கணும், "ப்ரூஃப் செக்கிங்"னு எழுதாதீங்க, "கஸ்டமர் ப்ரூஃப் ஓகே சொல்லிட்டாரா?"ன்னு எழுதுங்க. ஒவ்வொரு டைமண்ட்லேர்ந்தும் குறைஞ்சது ரெண்டு கோடு வெளிய போகணும், ரெண்டு மேலயும் ஆமா, இல்லன்னு எழுதியிருக்கணும். எழுதாம விட்டா வரைஞ்ச உங்களுக்கு புரியும், படிக்கிறவனுக்கு புரியாது. செவ்வகத்துக்குள்ள வினைச்சொல் வரணும், வெறும் "அட்வான்ஸ்" இல்ல, "அட்வான்ஸ் வாங்கி பில் போடு".

இப்ப டிரா.ஐஓ-வ தொறங்க

தொறந்ததும் எங்க சேவ் பண்ணணும்னு கேட்டா இப்போதைக்கு டிவைஸ்னு குடுங்க, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் எல்லாம் அப்புறம் பழகிக்கலாம். டெம்ப்ளேட் நிறைய காட்டும், மயங்காம பிளாங்க் எடுங்க, அடுத்தவங்க டெம்ப்ளேட்டுக்குள்ள நம்ம வேலைய திணிச்சா நம்ம ப்ராசஸ் அந்தப் படத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சிடும். எதையும் செலக்ட் பண்ணாம இருக்கும்போது வலது பக்கம் டயக்ராம்னு ஒரு டேப் தெரியும், அதுல பேப்பர் சைஸ ஏ4-னு மாத்திடுங்க. செவுத்துல ஒட்டப்போறது பேப்பர்தானே, கடைசியில பிரிண்ட் எடுக்கும்போது ரெண்டு பக்கமா உடைஞ்சுபோனா மறுபடி அடுக்கணும்.

இடது பக்கம் உருவங்கள் இருக்கும், ஃப்ளோசார்ட் லைப்ரரி தெரியலன்னா கீழ மோர் ஷேப்ஸ்ல டிக் பண்ணிக்கலாம். மொதல் பெட்டிய இழுத்துப்போட்டு ரெண்டு தடவ கிளிக் பண்ணி எழுதுங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு பெட்டியையும் இடது பக்கத்துலேர்ந்து இழுக்க வேண்டாம், பெட்டி மேல மவுஸ வச்சா நாலு பக்கமும் நீல அம்பு தெரியும், கீழ் அம்ப கிளிக் பண்ணா அடுத்த பெட்டி கோடோட சேர்ந்தே வந்துடும். இது கைவந்துட்டா வேகம் பல மடங்கு ஆயிடும். அதே மாதிரி இன்னொரு பெட்டி வேணும்னா கண்ட்ரோல் டி.

கோடு விஷயத்துல கொஞ்சம் நிதானமா பாருங்க, புதுசா வர்றவங்க எல்லாரும் தடுமாறுறது இங்கதான். கோட்ட இழுத்துட்டு வந்து பெட்டி மேல விடும்போது பெட்டி முழுசுக்கும் நீல ஓரம் தெரிஞ்சா அது மிதக்குற கோடு, பெட்டிய எங்க நகர்த்தினாலும் வசதியான பக்கத்துக்கு தானே மாறிக்கும். ஓரத்துல இருக்குற ஒரு புள்ளி மேல வச்சு அது பச்சையா மாறினா அந்தப் புள்ளியிலயே நிலையா ஒட்டிக்கும். ரெண்டுல எதுவும் தெரியாம வெறும் இடத்துல விட்டா கோடு ஒட்டவே இல்லன்னு அர்த்தம், பெட்டிய நகர்த்தினா கோடு மட்டும் அனாதையா அங்கயே நிக்கும். நான் செவ்வகங்களுக்கு மிதக்குற கோடும், டைமண்டுக்கு நிலையான புள்ளியும் வச்சுக்குறேன். ஆமான்னா எப்பவும் கீழ, இல்லன்னா எப்பவும் வலது பக்கம்னு படம் முழுக்க ஒரே மாதிரி இருந்தா படிக்கிறவங்க கண்ணு தானா பழகிடும். கோடு மேல எழுத, கோட்டையே ரெண்டு தடவ கிளிக் பண்ணா போதும்.

நம்ம பத்திரிகை சார்ட்டுல ப்ரூஃப் டைமண்ட்லேர்ந்து 'இல்ல' கோடு வலது பக்கம் போய் மேல ஏறி "கரெக்ஷன் போடு"ன்னு ஒரு பெட்டிக்கு போகுது, அங்கேர்ந்து திரும்ப ப்ரூஃப் எடுக்குற பெட்டிக்கே வருது. இப்படித் திரும்பி வர்ற கோடுகள படத்தோட வெளி ஓரமா கொண்டுபோங்க, மத்த கோடுகளுக்கு குறுக்க விடாதீங்க. குறுக்க போயே ஆகணும்னா ஸ்டைல் டேப்ல லைன் ஜம்ப்ஸ்னு இருக்கு, ஆர்க் வச்சா ஒரு கோடு இன்னொண்ண தாண்டிப்போற மாதிரி சின்ன வளைவு வரும்.

யார் எந்த வேலைய செய்றாங்கன்னும் காட்டணும்னா ஸ்விம்லேன் போடுங்க, தேடுற கட்டத்துல இங்கிலீஷ்ல அந்தப் பேர அடிச்சா வரும். கவுண்டர், டிடிபி, மிஷின்னு மூணு பட்டை போட்டு பெட்டிகள அதது பட்டைக்குள்ள விட்டா, பட்டைய நகர்த்தும்போது உள்ள இருக்குறதும் சேர்ந்தே வரும். கோடு ஒரு பட்டையிலேர்ந்து இன்னொண்ணுக்கு தாண்டுற இடத்தையெல்லாம் நல்லா கவனிங்க, ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு வேலை மாறுற இடம் அது, மறந்துபோறதும் தப்பு நடக்குறதும் பெரும்பாலும் அங்கதான். எங்க படத்துல ப்ரூஃப் ஓகே ஆன தகவல் கவுண்டர்லேர்ந்து மிஷினுக்கு வாய்வழியாதான் போயிட்டிருந்துச்சு. படத்துல பார்த்ததும் மாமாவே "இதுக்கு ஒரு சீட்டு வைக்கணும்"னார்.

தமிழ்ல எழுதும்போது

யூனிகோட்ல, அதாவது ஃபோன்லயும் வெப்சைட்லயும் வர்ற பொதுவான எழுத்து முறையில டைப் பண்ணா டிரா.ஐஓ-ல தமிழ் நல்லாவே வரும். பிரஸ்ல பழைய எழுத்துருவுல டைப் பண்ணி வச்சிருக்குறத அப்படியே காப்பி பண்ணி ஒட்டினா குப்பையாத்தான் தெரியும், அத மொதல்ல யூனிகோடுக்கு மாத்திக்கணும். எழுத்துரு பிடிக்கலன்னா டெக்ஸ்ட் டேப்ல ஃபாண்ட் லிஸ்ட்டோட கடைசியில கஸ்டம்னு இருக்கும், அதுல கூகுள் ஃபாண்ட்ஸ் எடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லன்னா முக்தா மலர்னு பேர இங்கிலீஷ்ல குடுங்க. தமிழ் வார்த்தை நீளம், பெட்டிய தாண்டி வழியும், அதனால வர்ட் ரேப் டிக் பண்ணிட்டு பெட்டிய முதல்லயே கொஞ்சம் அகலமா வச்சுக்கோங்க, இங்கிலீஷுக்கு வச்ச அளவு தமிழுக்கு பத்தாது.

அழகு பத்தி ரொம்ப மெனக்கெட வேண்டாம். எல்லா செவ்வகமும் ஒரே அளவு, அரேஞ்ச் டேப்ல அலைன், டிஸ்ட்ரிப்யூட் ரெண்டையும் குடுத்தா இடைவெளி சீராயிடும், பாதி அழகு அதுலயே வந்துடும். கலர் ரெண்டு இல்ல மூணு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம் இருக்கணும். சிவப்பு பச்சைய மட்டும் நம்பி வித்தியாசம் காட்டாதீங்க, அத பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க, முக்கியமா ஆண்கள்ல, நிறைய பேர் இருக்காங்க, அதுவும் இல்லாம கடையில இருக்குறது கருப்பு வெள்ளை பிரிண்டரா இருக்கலாம்.

சேவ் பண்றதுல ஒரு தடவ அடிபட்டிருக்கேன், நீங்க படாதீங்க. முன்னாடி ஒரு இடத்துல ரெண்டு நாள் உட்கார்ந்து போட்ட சார்ட்ட பிஎன்ஜி படமா மட்டும் வச்சுக்கிட்டேன், ஆறு மாசம் கழிச்சு ஒரு மாத்தம் கேட்டப்ப முழுசா மறுபடி வரைய வேண்டியதாச்சு. டிராஐஓ ஃபைல எப்பவும் தனியா வச்சுக்கோங்க. அதோட பிஎன்ஜி எக்ஸ்போர்ட் பண்ணும்போது 'இன்க்ளூட் எ காப்பி ஆஃப் மை டயக்ராம்'னு ஒரு டிக் இருக்கும், அத போட்டா அந்தப் படத்தையே திரும்ப டிரா.ஐஓ-ல தொறந்து திருத்தலாம், நான் எப்பவும் போட்டுடுறேன். ஆனா அத வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பினா சுருக்கிடும், உள்ள இருக்குறது போயிடும், டாகுமெண்ட்டா அனுப்புங்க. பிரிண்டுக்கு பிடிஎஃப் நல்லது, பிஎன்ஜி-தான் வேணும்னா ஜூம் 300-னு வச்சு எடுங்க, எழுத்து மங்காது. எவ்வளவு பெரிசாக்கினாலும் மங்காத எஸ்விஜி-ங்கிற பட வகையா அனுப்பினா பார்க்குறவங்க சிஸ்டத்துல அந்த எழுத்துரு இல்லாட்டி தமிழ் வேற மாதிரி தெரியலாம், எம்பெட் ஃபாண்ட்ஸ் போட்டு அனுப்புங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. ஏற்கனவே முடிஞ்ச ரெண்டு மூணு ஆர்டர் பில்ல எடுத்து, சார்ட்ட பார்க்காத ஒருத்தர்கிட்ட குடுத்து, விரல வச்சு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் போகச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நின்னு ஒரு வார்த்தையும் சொல்லாதீங்க. அந்தப் பையன் விரல் ரெண்டாவது பில்லுல, ப்ரூஃப் டைமண்ட்ல நின்னுடுச்சு. கஸ்டமர் வெளியூர்க்காரர், ப்ரூஃப் படத்த பார்த்துட்டு ஓகேன்னு வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்பியிருந்தார், கையெழுத்து இல்ல. "இது ஆமாவா இல்லயா அண்ணா?"ன்னு கேட்டான். மாமா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வெளியூர் ஆளுங்க ஓகேன்னு டைப் பண்ணி அனுப்பணும், அத பிரிண்ட் எடுத்து பில்லோட பின் பண்ணணும்னு சொன்னார், அதுக்கு ஒரு டைமண்டும் ஒரு பெட்டியும் சேர்த்து அன்னைக்கு சாயங்காலமே கவுண்டர் பக்கத்துல ஒட்டினோம்.