ஷிட்சூ முடிச் சிக்கு: கத்தரி வேண்டாம்

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு ஷிட்சூ நாய்க்குக் காதுக்குப் பின்னாலும் முன்னங்கால் இடுக்கிலும்தான் முடி சிக்குப் பிடிக்கும். தண்ணீர் பட்டால் கம்பளி மாதிரி இறுகிவிடும். அதனால் சிக்கெடுத்த பிறகே குளியல். சிக்கின் மேல் கொஞ்சம் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) தூவி, தோலோரமாக முடியை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீப்பால் மெல்லப் பிரித்தேன். பிடி தளர்ந்தால் தோல் இழுபடும், உடனே உறுமல்தான். கத்தரியை எடுக்கவே இல்லை. சிக்கோடு தோலும் மேலே இழுபட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது; வெட்டினால் தோலும் வெட்டுப்படும். பிரியாததை 10ஆம் எண் பிளேடு போட்ட கிளிப்பரை (முடி மழிக்கும் மின்கருவி) தோலோடு படுக்கவைத்து மழித்தேன். பிளேடு சீக்கிரம் சூடாகும். அவ்வப்போது மணிக்கட்டில் வைத்துப் பார்க்கணும். அப்புறம், அடியில் தோல் சிவந்து கசிந்தால் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவர்தான்.