நடக்க ஏலாட்டியும் பார்க்குக்குப் போகலாம்: லண்டனுக்குப் புதுசா வந்த எங்கட ஆக்களுக்கு

வந்து இறங்கின உடன வீடு, பாங்க், ஜிபி (குடும்ப டொக்டர்) எல்லாம் எப்பிடியெண்டு சொல்லித்தர கனபேர் இருக்கினம். ஆனா வீட்டில கால் ஏலாத ஒரு ஆள் இருந்தா அவர் எப்பிடி வெளியில போய் வாறது எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், ஏலாத ஆள் எண்டா ஜன்னலடியில கதிரை போட்டு இருக்கிறதுதான் எண்டு எங்கட சனம் பழகிப்போச்சு. முதுகு ஆபரேசனுக்குப் பிறகு நானும் 2 வருசம் அப்பிடித்தான் இருந்தனான், இப்ப மொபிலிட்டி ஸ்கூட்டரில (நடக்க ஏலாத ஆக்கள் இருந்தபடி ஓடுற பற்றரி வண்டி) எங்கட நாய் ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு கிழமைக்கு 4 நாள் மோர்டன் ஹோல் பார்க்குக்குப் போறன். உள்ள போகக் காசில்லை, வாண்டில் ஆறு நடுவால ஓடுது, நிலமும் அநேகமா மட்டம்.

முதல்ல ஸ்கூட்டர். கிளாஸ் 2 எண்டா நடைபாதைக்கு, மணிக்கு 4 மைல்தான். கிளாஸ் 3 ரோட்டில 8 மைல் வரைக்கும் ஓடும், ஆனா நடைபாதையில அதையும் 4க்குக் குறைக்கோணும், வாகனம் பதியிற அரசாங்கக் கந்தோரான டிவிஎல்ஏயில பதியோணும், பதியக் காசில்லை. ரெண்டுக்குமே லைசென்ஸ் தேவையில்லை. இன்சூரன்ஸ் கட்டாயமில்லை, எண்டாலும் எடுங்கோ, ஒரு பிள்ளையில முட்டினா என்ன செய்வியள்? நீண்டகால வருத்தம் உள்ள ஆள் தன்ர பாவனைக்கு வாங்கேக்க வாட் வரி கட்டத் தேவையில்லை, கடையில ஒரு போர்ம் தருவினம், கேட்டு வாங்குங்கோ. பிப் எண்டு ஏலாத ஆக்களுக்கு அரசாங்கம் குடுக்கிற காசு விசயத்தில மட்டும் கவனம், உங்கட விசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவிக்காசு) இல்லை எண்டு போட்டிருந்தா அதுக்கு அப்ளை பண்ணப்படாது, பிறகு விசாவுக்கே பிரச்சினை வரும்.

இனி நாய். இதைத்தான் நான் ஆறுதலாச் சொல்லோணும், ஏனெண்டா நான் அடிபட்டுப் பழகினது இதில.

நாயின்ர லீட்டை (பிடிச்சுக்கொண்டு போற வாரை) ஒருநாளும் ஸ்கூட்டர் கைபிடியில கட்டாதேங்கோ. நான் கட்டினனான். ஒரு அணில் குறுக்க ஓடிச்சுது, ஜிம்மி பாய்ஞ்சான், ஹாண்டில் அப்பிடியே திரும்பி ஸ்கூட்டர் ஒரு பக்கம் சரிஞ்சுபோச்சு, பக்கத்தில நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரர் பிடிச்சிராட்டி நான் ஆத்துக்கரையில விழுந்திருப்பன். லீட் கையில இருக்கோணும், கட்டையா இருக்கோணும், இழுத்தா விடக்கூடியமாதிரி இருக்கோணும், கையில சுத்தவும் கூடாது. கழுத்துப்பட்டியில இழுக்கிறதைவிட நெஞ்சைச் சுத்திப் போடுற ஹார்னஸ் நல்லம். பழக்கேக்க முதல் ரெண்டு மூண்டு நாள் ஸ்கூட்டரை ஓஃப் பண்ணி வச்சு நாயைச் சுத்திவர மணக்க விடுங்கோ, பிறகு வீட்டு வாசல்ல ஆமை வேகத்தில, பின்னுக்கு எடுக்கேக்க வாற பீப் சத்தத்துக்கு அது பயப்படும், அதையும் பழக்கோணும். சில்லுக்குக் கிட்ட கால் வராமப் பாருங்கோ.

சட்டம் கொஞ்சம் இருக்கு. நாய்க்குத் தோலுக்குள்ள வைக்கிற மைக்ரோசிப் கட்டாயம். கழுத்துப்பட்டியில உங்கட பேரும் விலாசமும் இருக்கோணும், ஊரில மாதிரிச் சும்மா விட ஏலாது. கக்கா போனா அள்ளோணும், அள்ளாட்டி அந்த இடத்திலயே ஃபைன் போடுவினம், கோர்ட்டுக்குப் போனா 1000 பவுன் வரைக்கும் வரும். குனிய ஏலாத எங்களுக்கு நீளப்பிடி வச்ச அள்ளி விக்குது, நான் அதைத்தான் ஸ்கூட்டர் பையில வச்சிருக்கிறன்.

ரிச்மண்ட் பார்க்குக்குப் போறதெண்டா அங்க 600க்கு மேல மான் நிக்குது, 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கோ. குட்டி போடுற மே, ஜூன், ஜூலையில நாயை அவிட்டு விடவே கூடாது, தாய்மான் நாயைக் கண்டா துரத்தும், ஸ்கூட்டரில இருந்துகொண்டு ஓடித் தப்ப ஏலாது.

இன்னொண்டு, கோடையில எங்கட ஆக்கள் கூட்டமா பார்க்கில சாப்பாடு போடுவினம், பாசத்தில நாய்க்கும் வடையும் கேசரியும் நீட்டுவினம். வெங்காயமும் முந்திரிகை வத்தலும் நாய்க்கு நஞ்சு, வெட்கப்படாம வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அதேநேரம் எங்கட சின்னப்பிள்ளையள் நாயைக் கண்டா அலறுங்கள், அவையைக் கண்ட உடன லீட்டைக் கட்டையாப் பிடிச்சு ஒதுங்கிப் போங்கோ.

ரேடார் கீ எண்டு ஒரு திறப்பு இருக்கு, சில பவுனுக்கு வாங்கலாம், பூட்டி வச்சிருக்கிற டிசேபிள்ட் டொய்லெட்டுகளும் சில பார்க் கேட்டுகளும் அதால திறக்கும், இது இல்லாம நான் வெளிக்கிடமாட்டன்.

முதல் நாள் தூரம் வேண்டாம். கடைக்காரர் 10 மைல் ஓடும் எண்டா குளிருக்குள்ள அவ்வளவு ஓடாது, பற்றரி பாதிக்கு வர முதலே திரும்புங்கோ, வீட்டை வந்து நாய்க்குத் தண்ணி வச்சுப்போட்டு உடனயே சார்ஜில போடுங்கோ.