இலவசப் பந்தயம் கொடுத்தால் புக்கிக்கு வருமானம் ஏறுமா? நோட்டும் பேனாவும் போதும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை தோறும் கணக்கியல் டியூஷன் எடுக்கிறேன். பழைய மாணவன் ஒருவன், ஈப்போவில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ரிப்போர்ட் தயாரித்துக் கொடுக்கும் ஆபீசில் இப்போது வேலை செய்கிறான். போன மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான்.

"டீச்சர், இது ஆஸ்திரேலியாவுல குதிரைப் பந்தயம் எடுக்கிற ஒரு புக்கியோட கணக்கு. இலவசப் பந்தயம் கொடுத்த மாசத்துல டர்னோவர், அதாவது ஆளுங்க கட்டின மொத்தப் பணம், 35 சதவீதம் ஏறியிருக்கு. வருமானம் ஏறிடுச்சுன்னு எழுதிடலாமா?"

எழுதாதே என்றேன். ஏன் என்று அன்றைக்கு அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்குதான் இது. புக்கி என்பவர் பந்தயப் பணத்தை வாங்கி, ஜெயித்தவருக்குக் கொடுப்பவர். இலவசப் பந்தயம் என்பது, வாடிக்கையாளர் சொந்தக் காசு போடாமல் பந்தயம் கட்ட அவர் கொடுக்கும் கூப்பன். அவனுடைய எண்களை வெளியில் சொல்ல முடியாது. அதனால் இங்கே வரும் எண்கள் எல்லாம் நான் பாடத்துக்காக உண்டாக்கியவை. டாலர், பவுன் என்று குழப்பாமல் நம் வெள்ளியிலேயே (ரிங்கிட்) போட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் தனி ஆள் புக்கியாக இருப்பது 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம். ஈப்போவில் பேராக் டர்ஃப் கிளப் நடத்துவது வேறு வகை, அதற்கு டோட்டலைசேட்டர் என்று பெயர். கட்டிய பணம் எல்லாம் ஒரே குவியலாகச் சேரும். ஒரு பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். எந்தக் குதிரை வந்தாலும் அந்தப் பங்கு வந்துவிடும். அங்கே குவியல் பெருத்தால் வருமானமும் பெருக்கும். பிரிட்டன், ஆஸ்திரேலியா புக்கி அப்படி இல்லை. விலையை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தன் பணத்தை வைத்து எதிரே நிற்பவர். நாம் பார்க்கப் போவது அவருடைய கணக்கை.

முதல் படி: மூன்று பத்தி

நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள். விழுந்தது, போனது, நின்றது. கட்டிய பணம் விழுந்தது. ஜெயித்தவருக்குக் கொடுத்தது போனது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நின்றது. டர்னோவர் என்பது முதல் பத்தி, வருமானம் என்பது மூன்றாவது. என் மாணவன் முதல் பத்தியைப் பார்த்துவிட்டு மூன்றாவதைப் பற்றி எழுதப் பார்த்தான்.

எவ்வளவு நிற்கும் என்பது விலையிலேயே ஒளிந்திருக்கிறது. ஆறு குதிரை ஓடுகிற ஓட்டம் ஒன்று. விலைகள் 2.5, 4, 5, 8, 10, 12.5. அதாவது 2.5 விலைக் குதிரையில் 1 வெள்ளி கட்டி அது ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்து 2.50 கைக்கு வரும். இப்போது 100ஐ ஒவ்வொரு விலையாலும் வகுத்துப் பாருங்கள். 40, 25, 20, 12.5, 10, 8. கூட்டினால் 115.5. ஜெயிக்கப் போவது ஒரு குதிரைதான், வாய்ப்பு 100க்கு மேல் போக வழியில்லை. அந்த அதிகப்படி 15.5தான் புக்கியின் பிழைப்பு. இதே விகிதத்தில் எல்லாக் குதிரையிலும் பணம் விழுந்தால், 115.50 வாங்கிக்கொண்டு 100 கொடுப்பார். விழும் 100 வெள்ளிக்கு ஏறக்குறைய 13.40 நிற்கும்.

அப்பா தோட்டத்தில் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும், எழுதியவர். சம்பளம் போட்டதும் குதிரைப் பந்தயத்துக்காக ஈப்போவுக்குப் பஸ் ஏறியவர்களில் யார் யார் திரும்பி வந்து அரிசிக்குக் கடன் சொன்னார்கள் என்று பெயர் பெயராகச் சொல்வார். புக்கிக்கு நிற்பது அந்த அரிசிக் காசுதான், வேறு எங்கிருந்தும் வருவதில்லை. இது மனதில் இருந்தால் "வருமானம்" என்ற சொல்லைப் படிக்கும்போது கொஞ்சம் கவனம் வரும்.

இரண்டாம் படி: இலவசத்துக்கு விலை போடுங்கள்

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. 50 வெள்ளி இலவசப் பந்தயம் கொடுத்தால் புக்கிக்கு என்ன செலவு? சிலர் 50 என்று எழுதுவார்கள். சிலர் "காசா கொடுத்தோம்" என்று பூஜ்யம் போடுவார்கள். இரண்டுமே தப்பு.

இலவசப் பந்தயத்தில் ஜெயித்தால் லாபம் மட்டும் வரும், கட்டிய 50 திரும்பாது. மேலே சொன்ன ஓட்டத்தில் 2.5 விலைக் குதிரையில் அதைக் கட்டினால் லாபம் 75. அந்தக் குதிரையின் உண்மை வாய்ப்பு 40ஐ 115.5ஆல் வகுத்தால் வருவது, சுமார் 34.6 சதவீதம். 75இல் 34.6 சதவீதம் 26 வெள்ளி. அதையே 12.5 விலைக் குதிரையில் கட்டினால் லாபம் 575, வாய்ப்பு 6.9 சதவீதம். பெருக்கினால் 40 வெள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

பார்த்தீர்களா, அதே கூப்பன்தான். ஒருவர் கையில் 26, இன்னொருவர் கையில் 40. கணக்குத் தெரிந்தவர்கள் இலவசத்தை எப்போதும் நீண்ட விலையில், அதாவது 12.5 மாதிரிப் பெரிய விலையில்தான் கட்டுவார்கள். அதே குதிரை தோற்கும் என்று, ஆட்களே ஒருவருக்கொருவர் பந்தயம் கட்டிக்கொள்ளும் பெட்ஃபேர் மாதிரியான எக்ஸ்சேஞ்சில் எதிர்ப் பந்தயமும் கட்டி, எது வந்தாலும் லாபம் என்று பூட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சலுகையை ஒன்று விடாமல் பயன்படுத்துவது பெரும்பாலும் இவர்கள்தான். அதனால் "90 சதவீதம் பேர் கூப்பனைப் பயன்படுத்தினார்கள்" என்று ரிப்போர்ட்டில் வந்தால் சந்தோஷப்படாமல் யார் அவர்கள் என்று கேளுங்கள்.

மற்றச் சலுகைகளுக்கும் இதே முறைதான். குதிரை இரண்டாவதாக வந்தால் பணம் வாபஸ் என்பார்கள். காலையில் வாங்கிய விலையை விட ஓட்டம் தொடங்கும்போது விலை கூடியிருந்தால் கூடின விலையையே கொடுப்பார்கள். பிரிட்டனின் கிராண்ட் நேஷனல் ஓட்டத்தில், முதல் சில இடங்களுக்குள் வந்தாலே பணம் தரும் இடத்துப் பந்தயத்துக்கு வழக்கமாக நான்கு இடம், சலுகையில் ஆறு ஏழு வரை நீட்டுவார்கள். எதுவானாலும் நடக்க எத்தனை சதவீத வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு போகும், இரண்டையும் பெருக்குங்கள்.

மூன்றாம் படி: போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள்

எங்கள் தோட்டத்து முனையில் ஒரு கடை. சம்பள நாளில் 20 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் ஒரு பாக்கெட் சீனி இலவசம். அன்றைக்குக் கடையில் கால் வைக்க இடமிருக்காது. "சீனிக்கு எவ்வளவு சக்தி பாருங்க" என்பார் முதலாளி. சம்பள நாளில் சீனி இல்லாவிட்டாலும் அந்தக் கூட்டம் வந்திருக்கும்.

புக்கிகளும் சலுகையை அந்த மாதிரி நாளில்தான் போடுகிறார்கள். நவம்பர் முதல் செவ்வாயன்று மெல்பர்ன் கப். 1861இல் தொடங்கியது. வருடம் முழுக்கக் குதிரைப் பக்கம் திரும்பாதவர்களும் அன்றைக்கு ஐந்து பத்து கட்டுவார்கள். அந்த வாரத்தை முந்தின வாரத்தோடு வைத்துப் பார்த்தால் சலுகை ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

மூன்று வாரமாக வராத வாடிக்கையாளருக்கு "திரும்பி வாங்க" என்று கூப்பன் அனுப்புவதும் இதே கதை. அந்த ஆள் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார். கூப்பன் வந்தாலும் வராவிட்டாலும் நாலாவது வாரம் திரும்பியிருப்பார்.

நான்காம் படி: சீட்டுக் குலுக்குங்கள்

அப்போது எதோடுதான் ஒப்பிடுவது? அதே நாளில், அதே மாதிரியான, சலுகை கிடைக்காத ஆட்களோடு.

2000 வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் ஒட்டுங்கள். பக்கத்துப் பத்தியில் குலுக்கல் எண் தரும் ரேண்ட் (RAND) ஃபங்ஷனைப் போட்டு, வந்த எண்களை வெறும் மதிப்பாக மாற்றி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கை வைக்கும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் 1000 பேருக்குச் சலுகை, கீழே உள்ள 1000 பேருக்கு இல்லை. பெயர் எழுத்தை வைத்தோ, "நல்ல வாடிக்கையாளர்" என்று பார்த்தோ பிரிக்கக்கூடாது. மேலாளர் ஒருவர் வந்து "இவரை மட்டும் மேலே போடுங்க" என்பார். போடாதீர்கள்.

ஐந்தாம் படி: அதிர்ஷ்டத்தைக் கழியுங்கள்

ஒருவர் 12.5 விலைக் குதிரையில் 500 கட்டி ஜெயித்துவிட்டால் 5,750 போய்விடும். ஒரு மாதச் சோதனையை அந்த ஒரே ஆள் தலைகீழாக்கிவிடுவார். அதனால் ஒப்பிடும்போது நிஜமாக நின்ற பணத்துக்குப் பதிலாக, விழுந்த பணத்தை விலையில் உள்ள லாப விகிதத்தால் பெருக்கி, நிற்க வேண்டிய பணத்தை எடுங்கள். இந்தப் புக்கிக்குச் சராசரி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆறாம் படி: கழித்தல்

நான்கு வாரம் ஓடியாயிற்று. சலுகை இல்லாத குழுவில் விழுந்தது 120,000. நிற்க வேண்டியது 14,400.

சலுகைக் குழுவில் சொந்தக் காசாக விழுந்தது 150,000. நிற்க வேண்டியது 18,000. இது தவிர 600 பேர் ஆளுக்கு 20 வெள்ளி இலவசப் பந்தயத்தைப் பயன்படுத்தினார்கள், முகமதிப்பு 12,000. இரண்டையும் கூட்டி டர்னோவர் 162,000 என்று எழுதினால், அதோ வந்துவிட்டது அந்த 35 சதவீதம்.

இப்போது செலவைப் பாருங்கள். ஒவ்வொரு 20 வெள்ளிக் கூப்பனுக்கும் சராசரிச் செலவு 13 என்று வைத்தால், 600 பேருக்கு 7,800. சலுகையால் கூடுதலாக நின்றது 18,000இல் 14,400 போக 3,600. அப்படியானால் 4,200 நஷ்டம்.

இன்னும் முடியவில்லை. பந்தயம் நடத்தும் அமைப்புக்குக் கட்ட வேண்டிய கட்டணம் எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள். பிரிட்டனில் குதிரைப் பந்தய லெவி 2017இலிருந்து, 500,000 பவுனுக்கு மேலான மொத்த லாபத்தில் 10 சதவீதம். லாபம் வந்தால்தான் கட்டணம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் டர்னோவரிலேயே 1.5 சதவீதம் கேட்டது. புக்கிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், 2012இல் தோற்றார்கள். அந்த மாதிரிக் கட்டணத்தில் சலுகை டர்னோவரை மட்டும் ஊதிவிட்டால், லாபமே இல்லாத பணத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். நம் கணக்கில் கூடுதல் 30,000க்கு 450. மொத்த நஷ்டம் 4,650.

ஏழாம் படி: காத்திருங்கள், அப்புறம் பிரியுங்கள்

சலுகை முடிந்த அன்றே முடிவு எழுதக்கூடாது. இன்னும் எட்டு வாரம் இரண்டு குழுவையும் அப்படியே விட்டுப் பாருங்கள். சில இடத்தில் சலுகைக் குழு குறைவாகக் கட்டும், அடுத்த மாதத்துக் காசை முன்னாலேயே செலவழித்திருப்பார்கள். சில இடத்தில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நம் கணக்கில் எட்டு வாரத்தில் கூடுதலாக விழுந்தது 20,000, அதில் நிற்க வேண்டியது 2,400, கட்டணம் 300 போக மிச்சம் 2,100. மொத்தத்தில் நஷ்டம் 2,550ஆகக் குறைகிறது.

அப்புறம்தான் ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1000 பேரில் 200 பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள், 800 பேர் பழையவர்கள்.

புதியவர்கள்: கூடுதலாக நின்றது 5,400. கூப்பன் பயன்படுத்தியவர் 120 பேர், செலவு 1,560. கட்டணம் 675. லாபம் 3,165.

பழையவர்கள்: கூடுதலாக நின்றது 600. கூப்பன் பயன்படுத்தியவர் 480 பேர், செலவு 6,240. கட்டணம் 75. நஷ்டம் 5,715.

பழையவர்கள் எப்படியும் கட்டியிருப்பார்கள். அவர்களுக்குக் கொடுத்தது அந்தச் சம்பள நாள் சீனி. எந்தப் பிரிவு என்பதைச் சோதனைக்கு முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள். முடிந்த பிறகு வயது, ஊர், கைத்தொலைபேசி வகை என்று இருபது விதமாகப் பிரித்தால் ஏதாவது ஒன்று லாபமாகத் தெரியத்தான் செய்யும்.

கணக்கில் புதியவர்கள் லாபம் என்று வந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கலாம். ஆஸ்திரேலியாவில் கணக்குத் திறக்கச் சொல்லி இலவசம் கொடுப்பதை 2019இல் தடுத்துவிட்டார்கள். சேர்ந்தவர்களுக்குத்தான் கொடுக்க முடியும். இலவசத்தைக் காட்டிப் புது ஆளைச் சேர்க்க முடியாது.

எட்டாம் படி: பக்கத்துக் கடை

நஷ்டம் என்றால் ஏன் எல்லாரும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று மாணவன் கேட்டான். நான் சுவரைக் காட்டினேன். ஊரில் இரண்டு மளிகைக் கடைக்காரர்கள் கொடுத்த இரண்டு தினசரிக் காலண்டர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் கடை கொடுக்க ஆரம்பித்த வருடம் அதற்கு ஆள் சேர்ந்தது. அடுத்த வருடம் மற்றக் கடையும் கொடுத்தது. இப்போது காலண்டரால் யாருக்கும் ஒரு ஆள் கூடவில்லை, ஆனால் யார் நிறுத்தினாலும் ஆள் போய்விடும். அச்சகக்காரருக்குத்தான் கொண்டாட்டம். புக்கிகளின் சலுகை பாதிக்கு மேல் இந்தக் காலண்டர் மாதிரிதான் என்பது என் எண்ணம். ஒரு கடையின் சோதனையில் லாபம் என்று வருவது, பக்கத்துக் கடையிலிருந்து நகர்ந்து வந்த பணமாக இருக்கலாம்.

"அப்ப பழைய ஆளுங்களுக்கு எல்லாத்தையும் நிறுத்திடச் சொல்லி எழுதவா டீச்சர்?" என்றான்.

அதையும் எழுதாதே என்றேன். நாம் அளந்தது ஒரு புதுக் கூப்பனைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை. ஏற்கனவே பழகிப்போன ஒன்றைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை இன்னும் யாரும் அளக்கவில்லை. நான்கு வாரத்தில் கோபித்துக்கொண்டு போகாதவர் நான்காவது மாதம் போகலாம். அதற்கு இன்னொரு சீட்டுக் குலுக்க வேண்டும். பழையவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான சலுகையை நிறுத்தி, ஆறு மாதம் பார்க்க வேண்டும்.

எக்செல்லில் புதுப் பத்தி ஒன்றைத் திறந்தான். தலைப்பில் என்ன போடுவது என்று கேட்டான். "நிறுத்தினால்" என்று போடச் சொன்னேன்.