வாடகை வீட்ல நெட், கேபிள்: காலி பண்றப்போ மாட்டிக்காதீங்க

வாடகை வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்ல கேட்டுடுங்க, இந்த பில்டிங்ல ஏற்கெனவே எந்த கம்பெனியோட ஃபைபர் நெட் லைன் வந்திருக்குன்னு, ஏன்னா புதுசா லைன் இழுக்கணும்னா சுவத்துல ஓட்டை போடணும், அதுக்கு ஹவுஸ் ஓனர்கிட்ட வாட்ஸ்அப்ல ஒரு ஓகே வாங்கி வெச்சுக்கோங்க, இல்லன்னா அட்வான்ஸ்ல கை வைப்பாங்க. கனெக்‌ஷன் உங்க பேர்ல, உங்க நம்பர்லயே இருக்கட்டும்.

காலி பண்றப்போதான் கூத்தே. ரீசார்ஜ் பண்ணாம விட்டா தானா கட் ஆயிடும்னு நான் சும்மா இருந்துட்டேன், 3 மாசம் கழிச்சு ரூட்டரைக் குடுங்க இல்ல காசு கட்டுங்கன்னு நெட் கம்பெனியிலருந்து போன் மேல போன். ரூட்டர், அடாப்டர், செட்டாப் பாக்ஸ், ரிமோட் எல்லாம் பெரும்பாலும் அவங்களோடதுதான். அதனால பாக்ஸ் அடியில இருக்குற சீரியல் நம்பர் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கோங்க, எடுக்க வர்றவர்கிட்ட ரசீதோ எஸ்எம்எஸ்ஸோ வாங்கிட்டுதான் பொருளைக் கையில குடுக்கணும் (அடாப்டரைப் பழைய வீட்டு பிளக்லயே விட்டுட்டு வர்ற ஆளுங்க நிறைய!).

அதே ஊருக்குள்ள வீடு மாத்துறீங்கன்னா கேன்சல் பண்ணாம ஷிஃப்டிங் ரிக்வெஸ்ட் போடுங்க, ஆனா புது ஏரியாவுல அவங்க லைன் இருக்கான்னு பாத்துட்டு. வீடு நிலையில்லன்னா 6 மாச பிளான் பக்கமே போகாதீங்க, மாசாமாசம் கட்டுங்க.