ரெயின் வேர்ல்டில் பிழைப்பது எப்படி: பல்லிகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

மழைக்காக வானத்தைப் பார்த்தே பழகிய காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஆளிடம் "மழை வருது, பொந்துக்குள்ளே ஓடு" என்று சொல்கிற விளையாட்டைக் கொடுத்தால் கொஞ்ச நேரம் விழிக்கத்தான் செய்வார். ரெயின் வேர்ல்ட் என்கிற வீடியோ கேம் அப்படிப்பட்டது. இதில் பெய்வது தூறல் இல்லை, வெளியே நின்றால் நசுக்கிக் கொன்றுவிடும் மழை. நீங்கள் ஸ்லக்கேட் என்கிற வெள்ளைப் பிராணி, பார்க்கப் பூனைக்குட்டி போலவும் நத்தை போலவும் வழுவழுவென்று இருக்கும். குடும்பத்தைப் பிரிந்து, இடிந்துபோன பிரம்மாண்டமான ஆலைகளுக்கு நடுவே தனியாக வந்து விழுந்திருக்கிறீர்கள். சாப்பிட வேண்டும், மழைக்கு முன் ஷெல்டர் என்கிற பத்திரமான பொந்துக்குள் போய்த் தூங்க வேண்டும், எழுந்து மறுபடி கிளம்ப வேண்டும், இதுதான் ஒரு சுற்று. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆரம்பித்தவர்களில் நிறையப் பேர் முதல் நாளே கடுப்பாகி விளையாட்டையே அழித்துவிடுவார்கள்.

அவர்கள் விடுவதற்குக் காரணம் கை வேகம் இல்லாதது அல்ல. மற்ற விளையாட்டுகளில் எதிரி நமக்காகவே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பான், அவன் எங்கே திரும்புவான் என்று மனப்பாடம் செய்தால் அடுத்த முறை ஜெயித்துவிடலாம். இங்கே அது நடக்காது. பல்லிக்கும் பசிக்கிறது, அதுவும் இரை தேடித்தான் அலைகிறது. நீங்கள் பார்க்காத அறைகளிலும் அது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். நேற்று நீங்கள் செத்த அதே இடத்துக்கு இன்றைக்குப் போனால் ஒன்றுமே இல்லாமல் காலியாக இருக்கலாம், மூன்று பல்லிகள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டும் இருக்கலாம்.

2017 மார்ச் 28-ல் கணினிக்கும் பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்தது இது. செய்தது வீடியோகல்ட் என்ற சின்னக் குழு, அதில் முக்கியமானவர்கள் யோவார் யாகோப்சனும் ஜேம்ஸ் தெரியனும். யாகோப்சன் ஸ்வீடன்காரர், தென்கொரியாவில் வாழ்ந்த காலத்தில் தான் ஓர் அந்நியன் என்று உணர்ந்ததிலிருந்து பிறந்த யோசனை இது. பெருநகரத்துச் சுரங்க ரயில் பாதையில் வாழும் எலிக்கு எங்கே உணவு கிடைக்கும், எங்கே ஒளியலாம் என்பதெல்லாம் தெரியும், ஆனால் அந்தப் பாதையை யார் எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாது. அந்த எலிதான் நீங்கள். விளையாட்டு எதையும் விளக்கிச் சொல்லாமல் இருப்பது இதனால்தான், சோம்பேறித்தனம் இல்லை. வெளிவந்த சமயத்தில் விமர்சகர்கள் சிலர் இதைப் புரிந்துகொள்ளாமல் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் வேடிக்கை பாருங்கள்

"ஏனுங்கண்ணா, அந்தப் பச்சைப் பல்லியை எப்படிங்க கொல்றது?" என்று எங்கள் ரூமுக்கு வரும் தம்பி ஒருவன் கேட்டான். "கொல்ல வேண்டாம் கண்ணு, ஒரு பத்து நிமிஷம் மேலே கம்பியிலே தொங்கிட்டு அதைப் பாரு" என்றேன். பச்சைப் பல்லியால் கம்பி ஏற முடியாது என்பதை அவனே கண்டுபிடித்தான். அப்புறம் அவனுக்கு அது ஒரு பிரச்சினையாகவே இல்லை.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைக் கூட்டம் நடமாடும் இடங்களில், பக்கத்தில் யானை இருக்கிறது என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும், சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். யானையை எதிர்த்து நிற்க அல்ல, அது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் நாம் பார்த்துப் போகலாம் என்பதற்காக. ரெயின் வேர்ல்டையும் இப்படித்தான் அணுக வேண்டும். இதில் சிவப்பு விளக்குக்குப் பதிலாக இசை இருக்கிறது, ஆபத்து நெருங்க நெருங்க தாளம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அதனால் தயவுசெய்து ஹெட்போன் போட்டு விளையாடுங்கள். ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பைப் வாய்களையும் கவனியுங்கள். வேறு பிராணி அதன் வழியாக வந்துகொண்டிருந்தால் பைப்புக்குள் வண்ணப் புள்ளிகள் நகர்வது தெரியும். வருகிற நிறத்தைப் பார்த்தே யார் வருகிறார் என்று ஊகித்து இரண்டு அடி தள்ளி நின்றுகொள்ளலாம்.

நிறம்தான் எல்லாம். பச்சை கனமானது, தரையில் முட்டிக்கொண்டு வரும், மேலே ஏறத் தெரியாது. ரோஸ் நிறப் பல்லி கம்பி ஏறும், வெறும் சுவரில் ஏறாது, ஆரம்பத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். நீலம் சின்னதாக இருக்கும், ஆனால் சுவர் எங்கும் ஒட்டிக்கொண்டு ஊரும், நாக்கை நீட்டிப் பிடிக்கும். வெள்ளை மகா மோசம். சுற்றுப்புறத்தின் நிறத்துக்கே மாறி அசையாமல் காத்திருந்து நீளமான நாக்கால் இழுத்துவிடும், சுவரில் ஏதோ லேசாக நெளிகிற மாதிரி தெரிந்தால் நின்றுவிடுங்கள். மஞ்சள் கூட்டமாக வேட்டையாடும், ஒன்று உங்களைப் பார்த்துவிட்டால் தலையில் உள்ள உணர்கொம்புகள் மூலம் மற்றவற்றுக்கும் தெரிந்துவிடும். கறுப்புக்குக் கண் தெரியாது, காது மட்டும்தான், அதன் பக்கத்தில் குதிப்பதை விட்டு மெதுவாக ஊர்ந்து போகலாம், தூரத்தில் ஒரு கல்லை எறிந்து சத்தம் கிளப்பினால் அங்கே ஓடும். தண்ணீருக்குள் சாலமாண்டர் என்கிற நீந்தும் பல்லி இருக்கிறது. சிவப்பு வந்தால் ஆராய்ச்சி வேண்டாம், ஓடுங்கள்.

இன்னொன்று, எல்லாப் பல்லிக்கும் தலை ஓடு கெட்டி. முகத்துக்கு நேரே ஈட்டியை எறிந்தால் 'டங்' என்று தெறித்து விழும், ஈட்டியும் போய் உயிரும் போகும். உடம்பில் எறிய வேண்டும், அதற்குப் பக்கவாட்டில் அல்லது பின்னால் வர வேண்டும். கல் பட்டால் கொஞ்ச நேரம் தடுமாறும், தாண்டி ஓட அந்த நேரமே போதும். வாயில் சிக்கிவிட்டாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று கையை விடாதீர்கள். கடித்த எல்லாக் கடியிலும் உடனே உயிர் போகாது, அந்த ஒரு நொடியில் கையில் கல்லோ ஈட்டியோ இருந்தால் எறியலாம். சில சமயம் உங்களைக் கவ்விக்கொண்டு போகும் பல்லியை இன்னொரு பல்லி வந்து மறித்துச் சண்டை போடும், மேலேயிருந்து கழுகு மாதிரி ஒன்று இறங்கும், அந்தக் களேபரத்தில் நீங்கள் நழுவிவிடலாம். அந்தக் கழுகின் முகமூடியை ஈட்டியால் அடித்துக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் பல்லிகள் உங்களைப் பார்த்துப் பின்வாங்கும். சின்ன வேலை இல்லை, ஆனால் கிடைத்தால் திருவிழாதான்.

கொல்வதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. ஒரு பல்லியைக் கொன்றால் சில சுற்றுகள் கழித்து அதன் இடத்துக்கு வேறு ஒன்று வரும், பல இடங்களில் அப்படி வருவது முன்னதைவிட மோசமான இனமாக இருக்கும். வீட்டுப் பக்கத்து ரோஸ் பல்லியைத் தினமும் கொன்று வீரம் காட்டினால் பின்னால் அந்த வழியே போக முடியாது. அதற்குப் பதில் பழக்கிவிடுங்கள். செத்த பிராணி ஏதாவது கிடைத்தால் அதன் முன்னால் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள், இப்படித் திரும்பத் திரும்ப ஊட்டினால் பல்லி உங்களோடு சேர்ந்துகொள்ளும். பின்னாலேயே வரும், உங்களுக்காகச் சண்டை போடும், ஷெல்டருக்குள்ளும் கூடவே வந்து படுத்துக்கொள்ளும்.

வயிறும் மழையும்

எந்த ஸ்லக்கேட்டாக ஆடுவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஆரம்பத்தில் சர்வைவர் என்கிற வெள்ளையோடு தொடங்குவதுதான் சரி. தூங்க 4 அளவு உணவு வேண்டும், மொத்தம் 7 வரை நிரப்பலாம், மிச்சம் அடுத்த சுற்றுக்கு வரும். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் மஞ்சள் நிற மாங்க் எடுங்கள், 3 போதும், பகுதிகளுக்கு நடுவே ஒரு முறை கடந்த வாசல் அப்படியே திறந்தும் இருக்கும். ஹன்டருக்கு 6 வேண்டும், மொத்தம் 20 சுற்றுதான் ஆயுள், அதை இப்போது தொடாதீர்கள்.

காற்றில் பறக்கும் சின்ன வவ்வால் பூச்சி, தொங்கும் நீலப்பழம் இரண்டும் தொடக்கத்து உணவு. ஈட்டியால் குத்தினால் பொரி மாதிரி வெடிக்கும் ஒரு செடியும் உண்டு, ஈட்டி கையில் இருந்தால் அதைக் கடந்து போகாதீர்கள். பூரானில் குட்டியைத் தின்னலாம், பெரியது கரண்ட் ஷாக் கொடுத்துக் கொன்றுவிடும்.

மேப் பட்டனை அழுத்தினால் மூலையில் உங்கள் கர்மாப் படியைக் காட்டும் சின்னத்தைச் சுற்றி (கர்மா என்னவென்று கீழே சொல்கிறேன்) வட்டப் புள்ளிகள் தெரியும், ஒவ்வொன்றும் 30 நொடி. மொத்த நேரம் ஒவ்வொரு சுற்றிலும் மாறும், ஆகவே நேற்றைய கணக்கை இன்றைக்கு நம்பாதீர்கள். வயிறு 4 தொட்டதும் திரும்பும் எண்ணம் வந்துவிட வேண்டும். நேரமே இல்லை, வயிறும் நிறையவில்லை என்றால் ஷெல்டருக்குள் கீழே அழுத்திப் பிடித்துப் பட்டினியோடு தூங்கலாம். அடுத்த சுற்றில் ஏழும் நிரம்பச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் அவ்வளவுதான், அதுவும் உடம்பில் வலு இல்லாமல். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கர்மா விஷயத்தில்தான் பலர் குழம்புவார்கள். வயிறு நிறைந்து தூங்கி எழுந்தால் ஒரு படி ஏறும், செத்தால் ஒரு படி இறங்கும். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் வாசலில் ஒரு சின்னம் போட்டிருக்கும், உங்கள் கர்மா அந்த அளவில் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கதவு திறக்கும். எனவே வாசலை நோக்கி ஓடுவதற்கு முன்பு, பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு ஷெல்டர்களைப் பார்த்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தூங்குங்கள். ஒரே இடத்திலேயே இருந்தால் பழம் தீர்ந்துவிடும், மறுபடி காய்க்கச் சில சுற்றுகள் ஆகும். மஞ்சள் கர்மாப் பூ கிடைத்தால் தின்றுவிடுங்கள், அடுத்த சாவில் படி இறங்காது. செத்த இடத்தில் அந்தப் பூ மறுபடி முளைத்திருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். வாசலைக் கடந்ததும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பாமல் அந்தப் பக்கத்தில் முதல் ஷெல்டரைத் தேடுங்கள், ஏனென்றால் செத்தால் பழைய ஷெல்டரிலிருந்துதான் மறுபடி.

இதோடு சேர்த்து ஒன்று. சுற்று தொடங்கி 30 நொடிக்குப் பிறகு நடுவில் விளையாட்டை விட்டு வெளியேறினால் செத்ததாகவே கணக்கு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிற்கும் நாளில், பேட்டரி போன லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதை ஆரம்பிக்காதீர்கள். திருப்பூரில் ஷிப்ட் முடிந்து வந்து அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை, ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ தாராளமாக முடித்துவிடலாம்.

உடம்பைப் பழக்குவது

கன்ட்ரோலர் இருந்தால் நல்லது, கீபோர்டிலும் ஆடலாம். குனிந்தபடி ஜம்ப்பை அழுத்திப் பிடித்து விட்டால் நீளமாகப் பாய்வீர்கள். ஓடிக்கொண்டே சட்டென்று எதிர்த்திசைக்குத் திருப்பி ஜம்ப் அடித்தால் பின்பக்கமாகக் குட்டிக்கரணம், துரத்தி வரும் பல்லியின் தலைக்கு மேலேயே தாண்டிவிடலாம். ஓட்டத்தில் கீழும் ஜம்பும் சேர்ந்தால் சறுக்கு. இவற்றை எதிரி இல்லாத அறையில், மழைக்கு நேரம் நிறைய இருக்கும்போது சும்மா செய்து பாருங்கள். ஈட்டியைச் சில சுவர்களில் எறிந்து குத்தி நிறுத்தினால் அதைப் பிடித்து ஏறலாம் என்பதையும் மறக்காதீர்கள். எட்டாத இடத்தைப் பார்த்துக் கைவிட்டவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது.

அப்புறம் ஸ்கேவஞ்சர்கள், ஈட்டியோடு கூட்டமாகத் திரியும் குரங்கு மாதிரி ஆட்கள். இவர்களிடம் மரியாதையாக இருங்கள். ஒருவன் மேல் ஈட்டி எறிந்தால் கூட்டம் நினைவில் வைத்துக்கொள்ளும், பின்னால் ஆள் அனுப்பித் தேடுவார்கள். முத்து கிடைத்தால் அவர்கள் முன்னால் போட்டுவிட்டு ஒதுங்குங்கள். நல்ல பேர் கிடைத்துவிட்டால் உங்களுக்கே ஆயுதம் தருவார்கள். சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் முத்து கொடுக்காமல் நுழைவது வேண்டாத வேலை.

எந்தப் பக்கம் போவது? தொடங்குவது அவுட்ஸ்கர்ட்ஸ் பகுதியில். மஞ்சளாக மினுங்கும் ஒரு புழு அவ்வப்போது வந்து ஒளிப்படம் காட்டும், அதைத் தொல்லை என்று ஒதுக்காதீர்கள், வழிகாட்டுவதும் சாப்பாடு எங்கே என்று சொல்வதும் அதுதான். அது இழுக்கும் திசையில் இண்டஸ்ட்ரியல் காம்ப்ளெக்ஸ், அங்கிருந்து குப்பைமேடு, அதைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் என்று போவது புதியவர்களுக்கு நல்ல பாதை. கீழே இறங்கும் டிரெய்னேஜ் சிஸ்டம் இருட்டு, தண்ணீர், அட்டை என்று சகலமும் உண்டு, முதல் ஆட்டத்தில் அந்தப் பக்கம் வேண்டாம்.

2023 ஜனவரியில் டவுன்போர் என்ற கூடுதல் பகுதி வந்தது, கூடவே ரீமிக்ஸ் என்று ஒரு இலவச அப்டேட்டும். ரீமிக்ஸ் செட்டிங்கில் கஷ்டத்தை உங்கள் வசதிக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். யாராவது "அப்படி ஆடுவது ஆட்டமே இல்லை" என்றால் சரி என்று சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். டவுன்போரைக் காசு கொடுத்து இப்போதே வாங்க வேண்டியதில்லை. சர்வைவரை ஒரு முறை முடியுங்கள், அதற்குள் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஏதாவது தள்ளுபடி வந்துவிடும்.