பழைய கணினி பூட் ஆகவில்லையா? பூட்.ஐஎன்ஐயில் கை வைக்கும் முன்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியை ஆன் செய்கிறீர்கள். கறுப்புத் திரையில் ஒரு செய்தி: சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள ஹால்.டிஎல்எல் (வன்பொருளோடு விண்டோஸ் பேச உதவும் ஃபைல்) காணவில்லை அல்லது பழுதாகிவிட்டது, விண்டோஸைத் தொடங்க முடியவில்லை. உடனே பலர் செய்வது ஒன்றுதான். வேறொரு கணினியில் அந்தப் பெயரைத் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து டிஎல்எல்லை இறக்கி, பழையதன் மேல் போட்டுவிடுகிறார்கள். மறுபடி ஆன் செய்தால் அதே செய்தி. அல்லது அதைவிட மோசமான ஒன்று.

பெரும்பாலும் அந்த ஃபைல் இருந்த இடத்திலேயே நலமாக இருக்கும். கணினி தேடிப் போன இடம்தான் தவறு. ஆன் ஆனதும் என்டிஎல்டிஆர் என்ற சிறிய நிரல், சி டிரைவின் முதல் மட்டத்தில் இருக்கும் பூட்.ஐஎன்ஐயைப் படிக்கிறது. விண்டோஸ் எந்த டிஸ்கில், அதன் எந்தப் பார்ட்டிஷனில் (பிரிவில்), எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை அதற்குச் சொல்வது அந்த ஃபைலில் உள்ள ஒரு வரி. கதவு எண் தப்பாக எழுதிய கடிதம் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று திரும்பி வருவதைப் போன்றதுதான் இதுவும். ஆள் ஊரில்தான் இருப்பார். இன்னொரு சிக்கலும் உண்டு. ஹால்.டிஎல்எல் எல்லாக் கணினிக்கும் ஒன்றல்ல. இன்ஸ்டால் செய்யும்போது அந்த வன்பொருளுக்குப் பொருத்தமான வகையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டி வைக்கிறது விண்டோஸ். ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து வரும் ஃபைல், நல்ல ஃபைலாகவே இருந்தாலும் உங்கள் கணினிக்கு ஒத்துவராமல் போகலாம்.

அடுத்து, அந்த வரியைப் புரிந்துகொள்ளாமல் திருத்துவது. வழக்கமாக அது இப்படி இருக்கும்: மல்டி(0)டிஸ்க்(0)ஆர்டிஸ்க்(0)பார்ட்டிஷன்(1)\விண்டோஸ். இதில் மாட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஏனென்றால் எந்த ஹார்ட் டிஸ்க் என்று சொல்லும் ஆர்டிஸ்க் எண் 0இலிருந்து தொடங்கும், பார்ட்டிஷன் எண்ணோ 1இலிருந்து தொடங்கும். 'முதல் பார்ட்டிஷன்தானே' என்று 0 போட்டால் கதை முடிந்தது. வரியின் தொடக்கத்தில் மல்டி என்று இருக்கும்வரை டிஸ்க் என்பது எப்போதும் 0தான்; அதைத் தொடவே வேண்டாம். விண்டோஸ் 2000இல் ஃபோல்டரின் பெயர் வழக்கமாக வின்என்டி, எக்ஸ்பியில் விண்டோஸ். ஒன்றின் வரியை இன்னொன்றில் ஒட்டினால் அதே ஹால்.டிஎல்எல் செய்திதான் வரும்.

யாரும் தொடாத வரி திடீரென எப்படித் தவறாகும்? எண்கள் நிலையானவை அல்ல என்பதுதான் காரணம். பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு முதலில் எண் கிடைக்கும், இன்னொரு பிரிவுக்குள் உட்பிரிவாக இருக்கும் லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு அதன் பிறகு. லாஜிக்கல் ஒன்றில் விண்டோஸ் இருக்கும் டிஸ்கில் புதிதாக ஒரு பிரைமரியை உருவாக்கினால், விண்டோஸின் எண் ஒன்று தள்ளிப் போய்விடும். இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பயாஸின் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், மதர்போர்டில் உள்ள நிரல்) பூட் வரிசையை மாற்றினாலும் ஆர்டிஸ்க் எண் இடம் மாறும். ஆகவே கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன்பு டிஸ்கிலோ பயாஸிலோ என்ன மாற்றினோம் என்று முதலில் யோசியுங்கள். டிஎல்எல் தேடுவதைவிட அது சீக்கிரம் பலன் தரும்.

பூட்.ஐஎன்ஐ செல்லாது, விண்டோஸ் ஃபோல்டரிலிருந்து தொடங்குகிறேன் என்று ஒரு வரி மின்னி மறைந்து, பிறகு கணினி ஒழுங்காகவே திறக்கும் நிலையும் உண்டு. 'ஓடுகிறதே, பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். என்டிஎல்டிஆர் ஊகத்தின் பேரில் முதல் பார்ட்டிஷனின் விண்டோஸ் ஃபோல்டரைத் தேடிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊகம் பொய்க்கும் நாள் வரும். கணினி திறக்கும்போதே சரிசெய்வதுதான் எளிது.

நோட்பேடில் திருத்துவதிலும் பொறிகள் இருக்கின்றன. ஃபைல் மறைக்கப்பட்டதாகவும், சிஸ்டம் ஃபைலாகவும், படிக்க மட்டும் உரியதாகவும் இருக்கும். அந்தப் பண்புகளை ஏட்ரிப் கட்டளையால் நீக்கிவிட்டு, முதலில் வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும்போது ஆன்சி என்ற எளிய எழுத்து வடிவத்தில்தான் சேமிக்க வேண்டும். யூனிகோடில் சேமித்தால் என்டிஎல்டிஆருக்குப் புரியாது. இன்னொன்று: ஃபைல் நீட்சிகளைக் காட்டாதபடி எக்ஸ்ப்ளோரர் அமைந்திருந்தால், நீங்கள் சேமித்தது பூட்.ஐஎன்ஐ.டெக்ஸ்ட் என்று வேறொரு ஃபைலாகப் போய் உட்கார்ந்திருக்கும். பார்வைக்குச் சரியாகவே தெரியும். பழைய ஃபைலோ அப்படியே இருக்கும்.

கணினி திறக்கவே இல்லை என்றால், எக்ஸ்பி சிடியிலிருந்து பூட் செய்து, முதல் திரையில் ஆர் விசையை அழுத்தி ரிகவரி கன்சோலுக்குப் போங்கள். அங்கே பலர் நேராக ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் என்று தெரிந்த கட்டளைகளையெல்லாம் வரிசையாக அடித்துவிடுகிறார்கள். ஃபிக்ஸ்எம்பிஆர் டிஸ்கின் தொடக்கத்தில் உள்ள பூட் நிரலை மாற்றி எழுதுகிறது, பூட்.ஐஎன்ஐக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதே டிஸ்கில் லினக்ஸும் இருந்து, அதைத் தொடங்கி வைக்கும் கிரப் என்ற நிரல் அங்கே உட்கார்ந்திருந்தால் அதுவும் போய்விடும். முதலில் பூட்சிஎஃப்ஜி /ஸ்கேன் கொடுங்கள். எந்த விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும், எதையும் எழுதாது. பிறகு பழைய பூட்.ஐஎன்ஐக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு பூட்சிஎஃப்ஜி /ரீபில்ட். பழையதை அப்படியே விட்டுவிட்டு இதைச் செய்தால் தவறான வரியும் பட்டியலில் தங்கிவிடும். பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். அடையாளப் பெயர் கேட்கும்போது விரும்பிய பெயரையும், தேர்வுகள் கேட்கும்போது /ஃபாஸ்ட்டிடெக்ட் என்பதையும் கொடுங்கள்.

என்டிஎல்டிஆர் காணவில்லை என்று வந்தால், சிடியை எடுக்கும் முன் பென் டிரைவோ ஃப்ளாப்பியோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அடிக்கடி காரணம் அதுதான். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தாலும் பயாஸ் அமைப்புகள் அழிந்து பூட் வரிசை மாறிவிடும்; கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் சந்தேகத்தை அங்கே திருப்புங்கள். சாட்டா டிஸ்க் உள்ள கணினியில் இப்படி டிஸ்கோடு பேசும் முறை ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐ ஆக மாறிவிட்டால், 7பி என்று முடியும் எண்ணுடன் நீலத் திரை வரும். அதற்கும் பூட்.ஐஎன்ஐ பொறுப்பல்ல.

விண்டோஸ் 98 என்றால் விஷயம் வேறு. 'சிஸ்டம்.ஐஎன்ஐயோ ரெஜிஸ்ட்ரியோ இந்த டிவைஸ் ஃபைலைக் குறிப்பிடுகிறது, ஆனால் ஃபைல் இல்லை' என்று ஒரு விஎக்ஸ்டியின் (டிரைவர் ஃபைல்) பெயரோடு செய்தி வரும். எப்போதோ நீக்கிய மென்பொருளின் மிச்சம்தான் அது பெரும்பாலும். சிஸ்டம்.ஐஎன்ஐயில் அந்த ஃபைலைக் குறிப்பிடும் வரியை அழித்துவிடாமல், முன்னால் ஓர் அரைப்புள்ளி போட்டால் போதும். தொடக்கத்தில் படிக்கப்படும் கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் இரண்டிலும் அதற்குப் பதில் ரெம் என்று எழுத வேண்டும். எந்த வரியில் நிற்கிறது என்று தெரியாவிட்டால், தொடங்கும்போது எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரிக்கும் சம்மதம் கேட்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றையும்விட விலை கூடிய தவறு வேறு. டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது, ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன என்றால், கான்ஃபிகரேஷன் பிழை நோயல்ல, அறிகுறி. அந்த நிலையில் டிஸ்க் முழுவதையும் சோதிக்கும் செக்டிஸ்க் /ஆர் கொடுப்பது சாகக் கிடக்கும் டிஸ்கை மணிக்கணக்கில் ஓட வைப்பதாகும். முதலில் லினக்ஸ் லைவ் சிடியிலிருந்து பூட் செய்து, வேண்டிய ஃபைல்களை வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். எக்ஸ்பிக்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், ஃபோட்டோக்களை அப்படிச் செய்ய முடியாது.