தினசரி ஓட்டும் பைக்கில் மலைப்பாதை: பெங்களூருவில் முதல்முறை ஏறுபவர்களுக்கு

நந்தி மலைக்குத் தார் ரோட்டில் போய்வருபவர்களில் பாதிப் பேருக்குப் பக்கத்தில் பிரியும் மண் பாதைகள் மேல் ஒரு கண் இருக்கும். உடனே வரும் கேள்வி, "அதுக்கு எக்ஸ்பல்ஸ் வாங்கணுமா?" என்பதுதான். எக்ஸ்பல்ஸ் என்பது மண் பாதைக்கென்றே ஹீரோ செய்யும் பைக். வேண்டாம். கையில் இருக்கும் 100, 125 சிசி வண்டியிலேயே கற்றுக்கொள்ளலாம். ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. எக்ஸ்பல்ஸ் 150 கிலோவைத் தாண்டும். சரிவில் படுத்த வண்டியைத் தனியாளாகத் தூக்கும்போது அந்த வித்தியாசம் என்னவென்று முதுகுக்குத் தெரியும். சின்ன வண்டியின் இன்ஜின் தாழ்வாக இருப்பதால் கல்லில் இடிக்கும், அது உண்மை. அதனால் பாறைப் பாதைகளைத் தவிர்த்து மண்ணும் சரளையுமான பாதைகளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம்

முதல் சில வாரம் மலையே வேண்டாம். தேவனஹள்ளி, ஆனேக்கல் பக்கம் மனை பிரித்து, தார் போடாமல் சரளை மட்டும் கொட்டிய லேஅவுட்டுகள் நிறைய உண்டு. வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அங்கே பழகுங்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் டிராக்டர் ஓட்டும் மண் ரோடு. "அண்ணா, ஈ தாரி பெட்டக்கே ஹோகுத்தா?" (இந்த வழி மலைக்குப் போகுமா?) என்று டீக்கடையில் கன்னடத்தில் கேட்டால், மேலே பாதை அரித்துப்போயிருப்பது வரை சொல்லிவிடுவார்கள். சாவனதுர்கா, பன்னேருகட்டா போன்ற வனத்துறை எல்லைகளில் ரோட்டை விட்டு இறங்கவே கூடாது. தனியாகவும் போகாதீர்கள்.

வண்டி

சென்டர் ஸ்டாண்டைக் கழற்றிவிடுங்கள். கல்லில் முதலில் மாட்டுவது அதுதான். டயரில் காற்றை வழக்கமான அளவிலிருந்து 4, 5 பிஎஸ்ஐ குறைத்தால் சரளையில் பிடிப்பு கூடும். அதற்கு மேல் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பஞ்சர் ஆகும். பிரேக், கிளட்ச் லீவர்களை ஹேண்டிலில் பிடித்திருக்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். கையால் பலமாகத் தள்ளினால் மட்டும் நகரும் அளவுக்குப் போதும். வண்டி விழுந்தால் லீவர் உடையாமல் சுழன்றுகொள்ளும்.

உடம்புக்கு ஹெல்மெட், கையுறை, முழங்கால் கார்டு, கணுக்காலை மூடும் ஷூ. செருப்போடு வருபவரை நான் கூட்டிப்போவதில்லை.

ஏற்றம்

அடிவாரத்திலேயே நின்று, எந்தத் தடத்தில் போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் கியர். உடம்பை முன்னால் சாய்த்து, முழங்கால்களால் டேங்கை இறுக்கி, கைகளைத் தளர்வாக வையுங்கள். இந்த வண்டிகளின் ஹேண்டில் தாழ்வு என்பதால் முழுக்க எழுந்து நின்றால் கூன் போட வேண்டிவரும். சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பினாலே போதும். ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடியுங்கள். முறுக்கினால் பின் சக்கரம் வெறுமனே சுற்றிக் குழி தோண்டும். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும். எந்தக் கல்லை முறைத்துப் பார்க்கிறீர்களோ அதன் மேல்தான் வண்டி போய் ஏறும்.

நடுச்சரிவில் நின்றுபோனால்

புதியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். இன்ஜின் அணைந்ததும் இடது கை தானாகக் கிளட்சைப் பிடிக்கும். பிடிக்காதீர்கள். கியரில் இருக்கும்வரை இன்ஜினே பின் சக்கரத்தை நிறுத்திவைத்திருக்கும். கிளட்சைப் பிடித்தால் அந்தப் பிடி போய்விடும். முன் பிரேக் மட்டுமே போதாதா என்பீர்கள். ஏற்றத்தில் பாரமெல்லாம் பின் சக்கரத்தின் மேல். முன் சக்கரம் பூட்டியபடியே சரளையில் வழுக்கிப் பின்னால் வரும்.

சரி, கிளட்சை விட்டாயிற்று, முன் பிரேக்கும் பிடித்தாயிற்று. சாவியை ஆஃப் செய்துவிட்டு இடது பக்கம் இறங்குங்கள். ஹேண்டிலை இடது பக்கம் திருப்புங்கள். முன் பிரேக்கைத் தளர்த்தி, கிளட்சை மெல்லப் பிடித்தால் வண்டி ஓர் அடி பின்னால் உருளும், விட்டால் நிற்கும். கிளட்ச்தான் இப்போது உங்கள் பின் பிரேக். இப்படி அடியடியாக விட, பின் சக்கரம் இடப்பக்கம் நகர்ந்து, வண்டியின் முகம் வலப்பக்கம் திரும்பிப் பாதைக்குக் குறுக்கே நிற்கும். நீங்கள் மேட்டுப் பக்கம் இருப்பீர்கள். வண்டி சாய்ந்தாலும் உங்கள் மேல் விழாது. பிறகு ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பி, அதே கிளட்ச் வித்தையில் முன்னால் உருட்டினால் முகம் இறக்கத்தைப் பார்க்கும். ஏறி உட்கார்ந்து, கீழே போய், மறுபடி முதலிலிருந்து. இதை லேஅவுட்டில் ஒரு சின்ன மண்மேட்டில், வேண்டுமென்றே வண்டியை நிறுத்திப் பழகிவிட்டு மலைக்கு வாருங்கள்.

இறக்கம்

நியூட்ரலில் உருட்டவே வேண்டாம். இன்ஜின் ஓட, முதல் கியரில், கிளட்சை முழுக்க விட்டு இறங்குங்கள்; பாதி வேகத்தை இன்ஜினே பிடித்துவிடும். இடுப்பைப் பின்னால் தள்ளி உட்காருங்கள். முன் பிரேக்குக்கு ஒரே விரல். சக்கரம் பூட்டுவது தெரிந்தால் உடனே விட்டு மறுபடி பிடியுங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் சிபிஎஸ் இருக்கும். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். தார் ரோட்டில் அது நல்லதுதான். சரளை இறக்கத்தில் பெடலை ஓங்கி மிதித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும், ஆகவே கால் இங்கே மெதுவாக வேலை செய்யட்டும்.

மழை

ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தச் செம்மண் வேறு ஆள். முன் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் சேறு அடைத்து, கொஞ்ச தூரத்திலேயே சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கற்றுக்கொள்வதற்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம்.

திரும்பும்போது தார் ரோட்டில் முதல் பெட்ரோல் பங்கிலேயே காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள். குறைந்த காற்றோடு பெல்லாரி ரோட்டில் வேகம் பிடித்தால் வளைவில் வண்டி அலையும். லீவர் போல்ட்டையும் அங்கேயே முறுக்கிவிடுங்கள். மறுநாள் செயினைக் கழுவி எண்ணெய் விட்டு, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வருவது தளர்ந்திருக்கும்.